ஹேமலதா போட்ட மூன்று

ஜூலை 3, வியாழன்

காலையில் சிலிண்டர் வந்தது. மாடி அறையைக் கழுவிவிட்டேன். இந்த மாதம் விருந்தினர் யாரையும் ஏற்கவில்லை. இருந்தாலும் கழுவினேன்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரருக்குக் குரல்நாணில் வந்திருப்பது ஆரம்பக் கட்டம்தான். அறுத்து எடுத்தால் நோய் போகும், குரலும் போகும். கதிர்சிகிச்சை கொடுத்துப் பார்த்தால் குரல் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அதற்கு டாக்டரே சென்னையில் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசி, 28ஆம் தேதி திங்கட்கிழமை தொடங்க நாள் வாங்கிக்கொடுத்துவிட்டார். ஏழு வாரம். நாள் தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், அவர் சொல்லும் வரை இவர் வாய் திறக்கக் கூடாது.

டுடோரியலில் காலையும் மாலையும் கணக்கு நடத்தும் மனிதர். வீட்டில் கிடந்த சிலேட்டை எடுத்து முதலில் எழுதியது: "இனி உனக்கு நிம்மதி."

தங்குவதற்குக் கவலையில்லை. 'அண்டைவீடு' இருக்கிறது. வைத்தியத்துக்காக வெளியூர் போகிறவர்களை அந்த ஊர் உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் இலவசமாகத் தங்கவைக்கும் இணையதளம். ஆறு வருடமாக எங்கள் மாடி அறையில் கண் ஆபரேஷனுக்கு மதுரை வருகிறவர்கள் தங்கிப் போகிறார்கள். போகும்போது அவர்கள் எங்களுக்கும் நாங்கள் அவர்களுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவோம். அதைச் சேர்த்துக் கணக்கிட்டு ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு நம்பிக்கைப் புள்ளி காட்டுவார்கள். என்னுடையது 4.9. எங்களுக்கென்று ஒரு நாள்கூட யார் வீட்டையும் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம்.

ஜூலை 5, சனி

சென்னையில் மூன்று வீடுகளுக்கு விண்ணப்பம் போட்டேன். அனுப்பிய வேகத்திலேயே மூன்றும் திரும்பிவிட்டன. யாரும் மறுக்கவில்லை. விண்ணப்பம் அவர்களிடம் போகவே இல்லை. என் பெயருக்குப் பக்கத்தில் 4.9 இருந்த இடத்தில், "கணக்கிட இயலவில்லை" என்று இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில்: "ஒருவருக்கொருவர் மதிப்பளித்துக்கொண்ட குழு எனக் கண்டறியப்பட்டதால் இம்மதிப்பீடுகள் சேர்க்கப்படவில்லை."

படித்து முடிக்கும் முன் பாக்கியவதி அக்கா போன் செய்துவிட்டார். மதுரையில் அண்டைவீட்டில் முதலில் சேர்ந்தவர் அவர்தான். எங்களையெல்லாம் சேர்த்துவிட்டவரும் அவரே.

"ஏன்டி தமயந்தி, உனக்கும் போச்சா?"

"ஆமாக்கா."

"நம்ம செட்டு அம்புட்டுப் பேருக்கும் போச்சுடி! என்னையப் போயி 'கண்டறியப்பட்டது'ங்குறான். நான் என்ன ஓடிப்போன ஆளா, கண்டுபிடிக்கிறதுக்கு?"

சிரித்தேன். அக்காவுக்கு 28ஆம் தேதி விஷயம் தெரியும், அதனால்தான் சிரிக்கவைக்கிறார்.

எங்கள் செட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது நமக்கு ஐந்து போட்டால் அன்று பொழுது சாயும் முன் நாமும் ஐந்து போட்டுவிட வேண்டும். புதிதாக ஒரு வீடு சேர்ந்தால் நாங்கள் எல்லோரும் நற்சான்று கொடுப்போம், அவர்களும் எங்கள் எல்லோருக்கும் கொடுப்பார்கள். விருந்தினர் பஸ் ஏறியதும், "அஞ்சு போட்டுட்டேன், நீங்களும் போட்டுருங்க" என்று செய்தி அனுப்பிவிடுவேன். இதில் தவறு இருப்பதாக ஒருநாளும் தோன்றியதில்லை. வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதுதான் எங்களுக்குத் தவறு.

ஜூலை 8, செவ்வாய்

சென்னை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதிகளை விசாரித்தேன். கிடைக்கிற அறைகளில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். இவருக்கு இனி எல்லாவற்றையும் குழைத்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி நடத்தும் தங்குமிடத்தில் செப்டம்பர் வரை ஆள் நிற்கிறது.

அண்டைவீட்டில் புகார் கேட்கும் தம்பி பெயர் இளவழுதி. கோயம்புத்தூர்க்காரர். பகலில் ஒரு கம்பெனியில் வேலை, சாயங்காலம் இதைச் சம்பளமில்லாமல் பார்க்கிறார். பொறுமையாகப் பேசினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கல்லாம் மொய் வெச்சிருக்கீங்க."

"மொய்யா?"

"அவுங்க உங்களுக்கு அஞ்சு, நீங்க அவுங்களுக்கு அஞ்சு. நம்மூர்ல அது மரியாதைங்க. கணக்குப் போடற புரோகிராமுக்கு அது திருட்டுக் கும்பலுங்க்கா."

போன மாதம் வேறொரு ஊரில் போலிப் பெயரில் பத்துப் பேர் தங்களுக்குள்ளேயே ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டு, ஒரு வீட்டுக்குள் நுழைந்து சுருட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அதன் பிறகு கணக்கு முறையையே மாற்றியிருக்கிறார்கள்.

"நாங்க அப்பிடி ஆளுங்க இல்லையே தம்பி."

"எனக்குத் தெரியுதுங்க்கா. அதுக்கு உங்க முகம் தெரியாதுங்களே. யாருகிட்டருந்து யாருக்குக் கோடு போகுதுன்னு மட்டுந்தான் பாக்கும். உங்க கோடெல்லாம் உங்களுக்குள்ளயே சுத்துதுங்க."

"வந்துட்டுப் போன விருந்தாளிங்க?"

"அவுங்களுக்கும் நீங்க அதே நாள்ல அஞ்சு திருப்பிப் போட்டிருக்கீங்களே."

கையால் ஒரு புள்ளி போட்டுவிட முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே கூசியது. அவரும் கூசியபடி, முடியாது என்றார். ஒருவருக்குப் போட்டால் அந்தத் திருட்டுக் கும்பலும் நாளைக்கு அவரிடம்தான் வந்து நிற்கும். நியாயம்தான்.

இவரிடம் வந்து சொன்னேன். சிலேட்டில் எழுதினார்: "எல்லாரும் நூறு வாங்கும் பரீட்சையில் எவனுக்குக் கணக்குத் தெரியும்?"

சிலேட்டைப் பிடுங்கி அழித்தேன். இவருடைய குரலுக்காகத்தான் நான் அலைகிறேன் என்பதைக்கூட மறந்து, பாடம் நடத்துகிறார்.

ஜூலை 9, புதன்

மாவு புளித்துவிட்டது. தோசை வார்த்தேன். எழுத வேறெதுவும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

பாக்கியவதி அக்கா நேரில் வந்தார். வரும்போதே ஒரு முடிவோடு வந்தார்.

"உனக்கு மூணு போட்டாளே ஒருத்தி, தர்மபுரிக்காரி. அவதான்டி உன்னைய இழுத்துவிட்டுருக்கா. போனப் போடு. அஞ்சா மாத்தச் சொல்லு."

"எப்பிடிக்கா கேக்குறது?"

"வாயாலதான் கேக்கணும். உங்க வீட்டுல அது ஒண்ணுதான் இப்ப இருக்கு." சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. இவர் பக்கம் திரும்பி, "தம்பி, கோவிச்சுக்கிறாதீங்க" என்றார். இவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

ஹேமலதா சென்ற வருடம் தன் அப்பாவோடு ஐந்து நாள் தங்கியவர். அவர் எழுதியதை இன்று மறுபடியும் திறந்து படித்தேன்:

"வீடு சுத்தம். அப்பாவுக்குத் திடீரென்று கண் வலித்தபோது இந்த அம்மா தானே ஆட்டோ பிடித்துக் கூட வந்தார். ஆனால் எதைக் கேட்டாலும் 'பரவாயில்லை' என்கிறார். அவருக்குக் காய்ச்சல் என்பது மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை எங்களுக்கு மூன்று வேளையும் சமைத்திருக்கிறார். மறுக்கத் தெரியாதவர் வீட்டில் விருந்தாளியாக இருப்பது கஷ்டம். குளியலறைத் தாழ்ப்பாள் விழாது."

தாழ்ப்பாளை மறுநாளே மாற்றினேன். மற்றதற்கு ஆசாரியைக் கூப்பிட முடியாது.

போன் செய்தேன்.

"ஹேமலதாங்களா? மதுரையில இருந்து தமயந்தி பேசுறேன்."

"எந்தத் தமயந்தி? தாழ்ப்பா தமயந்தியா?"

"ஆமாங்க. அதை மாத்திட்டேங்க."

"நல்லதுங்க. இப்ப என்ன, மூணு போட்டதுக்குச் சண்டைக்கு வந்தீங்களா?"

"ஐயோ, இல்லைங்க. அது பரவால்லைங்க."

"பாருங்க, இன்னும் பரவால்ல!"

சென்னைக்கு ஒரு வேலையாகப் போக வேண்டியிருக்கிறது, வீடு கிடைக்க மாட்டேன் என்கிறது, அதனால் அந்தப் புள்ளியைக் கொஞ்சம் ஏற்றிப் போட முடியுமா என்று கேட்டேன்.

"நான் லேப்ல வேல பாக்கறவங்க. ரிப்போர்ட்ட ஆளு வந்து கேட்டாங்கன்னு மாத்தறதில்லைங்க. நேத்து சைட்டுல இருந்துகூடக் கேட்டாங்க, இதை உறுதி பண்றீங்களான்னு. அதே மூணுதான்னு சொல்லிட்டேன்."

சரிங்க, நன்றிங்க என்று வைத்துவிட்டேன். இவர் சிலேட்டை நீட்டினார்: "என் நோயை ஏன் சொல்லவில்லை?"

"உங்க தொண்டையக் காட்டிப் புள்ளி வாங்கவா?"

"அது சரி" என்று எழுதினார். பிறகு அதற்குக் கீழே, "ஆனாலும்" என்று எழுதி, அப்படியே விட்டுவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

கல்லூரி நூலகத்தில் ஏழு வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். எங்கே தங்குவீர்கள் என்று பிரின்சிபால் கேட்டார். தெரிந்தவர் வீட்டில் என்றேன்.

எனக்குப் பயமில்லை. துணியைக் காயப்போட மறந்து வாளியிலேயே இரண்டு நாள் விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூலை 16, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

மதியம் இளவழுதி கூப்பிட்டார். "அக்கா, சைட்டத் தொறந்து பாருங்க."

என் பெயருக்குப் பக்கத்தில் மறுபடியும் ஓர் எண். 3. அதன் கீழே, "நம்பகம்: மிக அதிகம்."

புரியவில்லை என்றேன். அவர் விளக்கியதை என் வார்த்தைகளில் எழுதுகிறேன். ஹேமலதா அப்பாவின் வைத்தியத்துக்காகப் பல ஊர்களில் தங்கியவர். ஒரு வீட்டுக்கு இரண்டு போட்டிருக்கிறார், ஒன்றுக்கு நாலு, ஒரே ஒரு வீட்டுக்கு ஐந்து. அவர் இரண்டு போட்ட வீட்டைப் பற்றிப் பிறகு போன எல்லோரும் குறை சொல்லியிருக்கிறார்கள். ஐந்து போட்ட வீட்டில் இன்றுவரை ஒரு குறையும் வந்ததில்லை. அதனால் அவர் சொல்லுக்கு எடை அதிகம். நான் அவருக்கு ஐந்து போட்டும் அவர் மூன்றிலேயே நின்றார். ஆகவே அது மொய் இல்லை.

"உங்க பேர்ல உசுரோட இருக்கற கோடு அது ஒண்ணுதானுங்க்கா. அது ஒண்ணே போதும், விண்ணப்பம் போயிரும்."

"அவங்க அதை அஞ்சா மாத்தியிருந்தா?"

"உறுதி கேட்டதுக்கப்புறம் மாத்துனா, யாரோ கேட்டு மாத்துனதுன்னு எடுத்துக்கும். அதும் செத்துருக்குங்க்கா."

போனை வைத்த பிறகு அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டேன். இவர் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார். சிலேட்டை எடுத்து வரவில்லை. அதற்கு நன்றி.

ஜூலை 18, வெள்ளி

வீடு கிடைத்துவிட்டது. ராயபுரம், திரேசம்மாள். கணவர் இல்லை, மகள் வெளிநாட்டில் நர்ஸ். அவரே போன் செய்தார்.

"மூணு வாங்கினது நீதானாம்மா?"

"ஆமாங்க."

"அந்தப் பொண்ணு எழுதினத முழுசாப் படிச்சேன். அஞ்சு அஞ்சா வாங்கினு வர்றாங்க பாரு, அவங்கள நெனச்சாத்தான் எனக்கு பேஜாரா இருக்கும். உன்னப் பத்தி இன்னா கெட்டதுன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு. இதுக்கு மேல இன்னா கீது? வந்துரு. ஆனா ஜொரத்தோட என் வூட்ல அடுப்பாண்ட நின்னே, தொரத்திருவேன்."

இரவு ஹேமலதாவுக்குச் செய்தி எழுதினேன். எழுதி எழுதி அழித்து, கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன்: இவருடைய குரல், 28ஆம் தேதி, அவருடைய மூன்றினால் வீடு கிடைத்தது, அவரை மாற்றச் சொல்லிக் கேட்டது எவ்வளவு தவறாகப் போயிருக்கும் என்பது, எல்லாம்.

உடனே பதில் வந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தாலும் மூணுதான் போட்டிருப்பேன். சார் நல்லபடியா வரணும். கொப்பளிக்கக் கொடுக்கிற மருந்தை எரியுதுன்னு விட்டுடப் போறார், விடாதீங்க."

இந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது? எதைச் சொன்னாலும் அவர் அதை எடை போடுவார். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ராயபுரம்

முதல் வாரம் முடிந்தது. முகத்துக்கு அச்செடுத்துச் செய்த ஒரு வலை மூடியைப் போட்டுப் படுக்கவைக்கிறார்கள். சில நிமிடம்தான். வலியில்லை என்று எழுதிக்காட்டுகிறார்.

திரேசம்மா வீட்டுக்கு மூன்று சட்டம். செருப்பு வாசலில், டிவி அவர் கையில், பாத்திரம் தேய்ப்பது அவர் மட்டும். நான் ஒருநாள் தேய்த்துவிட்டேன். அவ்வளவையும் எடுத்து மறுபடியும் தேய்த்தார். என் தேய்ப்பு சரியில்லையாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இவருக்கு ருசி போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் அட்டையை மெல்வது போல இருக்கிறதாம். தொண்டைப் புண்ணால் கஞ்சி இறங்கவே அரை மணி நேரம். டாக்டர் இது எதிர்பார்த்ததுதான், ருசி மெல்லத் திரும்பும் என்றார். குரலைப் பற்றிக் கேட்டேன். முடியட்டும், பார்ப்போம் என்றார்.

இன்று முழுவதும் இவர் சிலேட்டில் ஒன்றும் எழுதவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மெரினா வரை நடந்து போனோம். ராயபுரத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் எழுந்திருக்க முடியவில்லை. தலை கனத்தது. உடம்பு கொதித்தது. எழுந்து உட்கார்ந்து, கொண்டை போட்டுக்கொண்டு, பிறகு அப்படியே சொல்லிவிட்டேன்: "திரேசம்மா, இன்னைக்கு என்னால முடியல."

"அப்பாடா" என்றார் அவர். "அஞ்சு வாரம் ஆச்சு உனக்கு இத்த சொல்றதுக்கு."

அவரே இவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். நான் மதியம் வரை தூங்கினேன். கண் விழித்தபோது சாப்பாடு மூடி வைத்திருந்தது. யாரோ எனக்குச் சமைத்து மூடி வைத்து எத்தனை வருடம் இருக்கும்? படுத்தபடியே அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

சிகிச்சை முடிந்தது. ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை. அதுவரை பேசாமலே இருக்க வேண்டும்.

கிளம்பும்போது திரேசம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "புள்ளி போடணும்ல? அஞ்சு மட்டும் போட்டே, அடுத்த தபா கதவத் தொறக்க மாட்டேன். குறைய எழுது. இனிமே வர்றவங்க என்னிய நம்பி வரணும்."

ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு குறையும் எழுத மனம் வரவில்லை. பேசாமல் ஐந்து போட்டால் அந்த ஐந்தை யாரும் எண்ணப் போவதில்லை. அப்படியே வைத்துவிட்டேன். இரண்டு மாதம் வரை அவகாசம் இருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பாக்கியவதி அக்கா செட்டுக்குப் புதுச் சட்டம் போட்டிருக்கிறார். இனி யாரும் யாருக்கும் திருப்பிப் போடக் கூடாதாம். "ஆளாளுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுறாளுக. ரெண்டு மாசத்துல பழகிரும்" என்கிறார்.

இவர் புளிக் குழம்பையும் பாலையும் ஒரே முகத்தோடு விழுங்குகிறார்.

அக்டோபர் 24, வெள்ளி, ராயபுரம்

நேற்றே வந்துவிட்டோம். காலையில் பரிசோதனை. குழாய் விட்டுப் பார்த்து, படத்தை எங்களுக்கும் திருப்பிக் காட்டினார் டாக்டர். கட்டி இருந்த இடம் சுத்தமாக இருக்கிறது. இனி வந்து வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார். "எங்கே, உங்க பேரைச் சொல்லுங்க" என்றார்.

இவர் தலையசைத்து மறுத்துவிட்டார். வரட்டும், அவசரமில்லை என்றார் டாக்டர். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் நான் எதையும் கேட்கவில்லை. வராதோ என்று பயந்துதான் இவர் வாய் திறக்கவில்லை. எனக்கும் அதே பயம். கடைகளின் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தேன்.

மதியம் திரேசம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். முள்ளெடுத்து, சோற்றைக் குழைத்து இவருக்குப் போட்டார். பிறகு என்னிடம், "இன்னும் என் புள்ளி வரலியே. குறை எழுதுன்னா பத்து நாள் பட்டினி கெடந்தவ மாரி முழிக்கிற" என்றார். சரி, இன்று எழுதியே விடுகிறேன் என்று போனை எடுத்து, 'குறை' என்ற கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இவர் ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். நாக்கை மெல்ல அசைத்துப் பார்த்தார். இன்னொரு வாய் வைத்தார்.

"உப்பு கரிக்குது."

கட்டைக் குரல். நடுவில் ஓர் இடத்தில் காற்று மட்டும் வந்தது. ஆனாலும் அது இவர் குரல்தான். டுடோரியலில் கடைசி பெஞ்சைத் திட்டும் அதே குரல்.

திரேசம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "இன்னாது, கரிக்குதா? ஏழு வாரம் துன்னீங்களே, அப்போ கரிக்கலியா?"

"அவருக்கு அப்ப ருசி இல்லைம்மா" என்றேன். "எனக்குக் கரிச்சுது. தினமும்."

அவர் என்னை முறைத்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதுடி அத்த" என்றார்.

நான்கு போட்டேன். குறை என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: "குழம்பில் உப்பு அதிகம். இதை என் கணவர் வாயால் சொன்னார்."